அல்மோராவின் பழைய செய்தித்தாள்களும் புகைப்படங்களும்

மத்திய அரசின் பழைய ஆவணங்களைக் காப்பதற்கென 1891ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஓர் அலுவலகம் ஏற்படுத்தப்பட்டது. இன்று புதுதில்லியில் தேசிய ஆவணக் காப்பகமாக விளங்குவது அதுவே. பெரும்பாலான மாநிலங்களுக்கும் தத்தம் காப்பகங்கள் உண்டு. மத்திய அரசு அலுவலகங்களின் ஆவணங்களை நினைத்தபோது அழித்துவிடாதபடி 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு சிறுநகரின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், விடை எளிதில் கிடைப்பதில்லை. நகராட்சிக் கோப்புகள் காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்படுகின்றன. கல்வெட்டுக்கோ செப்பேட்டுக்கோ உரிய தொன்மை அந்நகரின் அண்மைக்கால நிகழ்ச்சிகளுக்கு இல்லை. எஞ்சுபவை இரண்டே: உள்ளூரில் அச்சாகி வந்த செய்தித்தாள்களும், உள்ளூர் வீடுகளில் தொங்கும் புகைப்படங்களும். இவ்விரண்டும் பழைய தாள் வாங்குவோரின் தராசில் ஏறும் பொருள்கள் என்பதே இடர்ப்பாடு.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, இமயமலைச் சாரலில் குமாவோன் பகுதியிலுள்ள அல்மோரா நகரம். பதினாறாம் நூற்றாண்டில் சந்த் மரபு மன்னர்களின் தலைநகராக எழுந்த இந்நகரை 1790இல் கூர்க்கர்களும் 1815இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் நாற்பதாயிரத்திற்கும் குறைவே. இருப்பினும் இந்தியாவின் பல பெருநகரங்களுக்கு வாய்க்காத ஒரு பேறு இதற்கு வாய்த்தது. 1871ஆம் ஆண்டிலேயே இங்கு 'அல்மோரா அக்பார்' என்னும் இந்தி இதழ் தோன்றிவிட்டது. இருப்புப்பாதை மலையடிவாரத்திலுள்ள காட்கோதாமை எட்டியது 1884இல்தான். அதாவது, புகைவண்டி அடிவாரத்தை அடைவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மலைமீது அச்சகம் இயங்கிக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் அந்த இதழ் அரசினரோடு இணக்கமாகவே நடந்தது. கற்றறிந்தோர் சிலர் கூடி விவாதிக்க அமைத்துக்கொண்ட கழகமொன்றின் கிளையாக அது பிறந்தது. கல்வி, சமூகச் சீர்திருத்தம், ஊர்ச் செய்தி ஆகியவையே அதில் இடம்பெற்றன. 1913இல் பத்ரிதத் பாண்டே ஆசிரியப் பொறுப்பை ஏற்றபின் அதன் குரல் மாறியது. காடுகளை அரசு கையகப்படுத்தியதையும், மலைமக்களிடம் கட்டாய உழைப்பு பெறும் வழக்கத்தையும் இதழ் கண்டிக்கத் தொடங்கிற்று. 1910ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டம் ஆட்சியாளர்களின் கையில் இருந்தது. பிணைத் தொகை கேட்டே ஓர் இதழை நிறுத்திவிட அச்சட்டம் இடமளித்தது. 1918இல் 'அல்மோரா அக்பார்' நின்றது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே 'சக்தி' என்னும் வார இதழைப் பாண்டே தொடங்கிவிட்டார்.

கட்டாய உழைப்பு என்பது என்ன என்பதைச் சற்று விளக்குதல் வேண்டும். சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகள், வேட்டைக்கு வரும் துரைமார்கள், படைப்பிரிவினர் ஆகியோரின் மூட்டை முடிச்சுகளை ஊதியமின்றிச் சுமப்பது 'பேகார்' எனப்பட்டது. சிறு கூலி கொடுத்துச் சுமக்கச் செய்வது 'உதார்'. தங்குமிடத்தில் அவர்களுக்குப் பால், தானியம், விறகு முதலியன அளிப்பது 'பர்தாயிஷ்'. எந்த ஊரில் யார் எப்போது சுமை தூக்க வேண்டும் என்பதற்கு ஊர்த்தலைவர்கள் பதிவேடு வைத்திருந்தனர். 1921ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், உத்தராயணத் திருவிழாவிற்காகச் சரயுவும் கோமதியும் கூடும் பாகேஸ்வரத்தில் பல்லாயிரவர் திரண்டனர். இனிச் சுமக்கமாட்டோம் என்று சூளுரைத்து, அப்பதிவேடுகளை ஆற்றில் எறிந்தனர். அவ்வழக்கம் அத்துடன் குலைந்தது. அரசும் அதைக் கைவிட நேர்ந்தது.

ஆவணத்தைக் காக்க வேண்டுமென்று எழுதும் ஒரு கட்டுரையில் இந்த நிகழ்ச்சி ஒரு முரணாகத் தோன்றலாம். ஆவணத்தை அழித்ததே அங்கு விடுதலை ஆயிற்று. ஆனால் அப்பதிவேடுகளில்தான் சுமந்தவர்களின் பெயர்கள் இருந்தன. ஆங்கிலேயர் எடுத்த புகைப்படத் தொகுப்புகளில் மலைக்கூலிகளின் படங்களுக்குக் குறைவில்லை, பெயர்தான் இல்லை. 'மலைக்கூலி' என்னும் பொதுச்சொல்லே படத்தின் கீழ் எழுதப்பட்டிருக்கும். இந்நிலையில், எந்த ஊரார் மறுத்தனர், எவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது, எந்தச் சந்தையில் கூட்டம் நடந்தது என்பவற்றை அறிய 'சக்தி' இதழின் பக்கங்களே பெருந்துணை. குமாவோனின் கட்டாய உழைப்பைப் பற்றிச் சேகர் பாடக் எழுதி 1987இல் வெளிவந்த இந்தி நூலும், காட்டுரிமைப் போராட்டங்களைப் பற்றி இராமச்சந்திர குஹா எழுதி 1989இல் வெளிவந்த ஆங்கில நூலும் இத்தகைய உள்ளூர் இதழ்களைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டன. அரசுக் கோப்புகளில் 'குற்றம்' என்று பதிவான செயல், உள்ளூர் இதழில் 'குறை' என்று பதிவாகியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கே முழுமையான படம் புலப்படும்.

தமிழ் வாசகர்கள் அறிய விரும்பக்கூடிய ஒரு செய்தியும் அல்மோராவின் இதழியல் வரலாற்றில் உண்டு. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜம் ஐயர், 1896 ஜூலையில் சென்னையில் தொடங்கிய 'பிரபுத்த பாரதா' என்னும் ஆங்கில மாத இதழின் ஆசிரியராக விளங்கினார். 1898 மே மாதத்தில் அவர் இளம் வயதில் காலமானார். இதழ் நின்றுபோகும் நிலையில், அப்போது அல்மோராவில் தங்கியிருந்த விவேகானந்தர் அதனை அங்கிருந்து வெளியிட ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டு முதல் அல்மோராவில் வெளிவந்த அவ்விதழ், 1899இல் அருகிலுள்ள மாயாவதிக்கு இடம் பெயர்ந்தது. ஏறத்தாழ எட்டு மாத காலம் சென்னை இதழொன்றுக்கு இந்த மலைநகர் தாயகமாக இருந்தது என்பது, பழைய இதழ்களின் முகப்பைப் புரட்டிப் பார்த்தாலன்றி எளிதில் தெரியவராது.

செய்தித்தாளை அப்படியே நம்பிவிடுதலும் தவறு. நூறாண்டுக்கு முன் ஒரு சிறுநகரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுள் இதழ் நடத்தியோர் பெரும்பாலும் மேற்குலத்து ஆடவர். தச்சர், கொல்லர், கல்தச்சர் முதலிய கைவினைஞர்களான ஷில்ப்கார் மக்களின் குரல் அவ்விதழ்களில் அரிதாகவே கேட்கும். அதனைக் கேட்க வேண்டுமாயின், ஹரிபிரசாத் தம்தா 1934இல் அல்மோராவில் தொடங்கிய 'சமதா' இதழைத் தேட வேண்டும். ஒரு நகரின் இதழ்களைத் திரட்டுவோர் புகழ்பெற்ற இதழை மட்டும் திரட்டிவிட்டு நிறைவடைந்தால், வரலாற்றின் ஒரு பாதி விடுபட்டுப்போகும். நகரின் பெருவீடுகளையும் கடைத்தெருவின் கற்பாவுகளையும் கட்டியவர்கள் ஷில்ப்கார்களே என்பதை மறத்தலாகாது.

இதழ்களின் பிரதிகள் கிடைக்காத இடத்தில் துணைபுரியும் வேறொரு தொகுதியும் உண்டு. இந்திய மொழி இதழ்கள் என்ன எழுதுகின்றன என்பதைக் கண்காணிக்க ஆங்கில அரசு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தியிருந்தது. வடமேற்கு மாகாணங்களில் 1860களிலிருந்தே வாரந்தோறும் இதழ்ச் செய்திகளின் சுருக்கம் ஆங்கிலத்தில் தயாராகி, அதிகாரிகளின் பார்வைக்காக அச்சிடப்பட்டது. அத்தொகுதிகள் தில்லியிலும் லண்டனிலும் பாதுகாப்பாக உள்ளன. ஒடுக்குவதற்காகத் திரட்டப்பட்டவையே பிற்காலத்தார்க்குச் சான்றாக நிற்கின்றன. ஆனால் ஒற்றுப் பார்வையில் தொகுக்கப்பட்டவை ஆதலால், அரசுக்கு எதிரானவை மட்டும் அவற்றில் மிகுந்து காணப்படும். விளம்பரம், ஏல அறிவிப்பு, தானிய விலை, பள்ளித் தேர்வு முடிவு, மரண அறிவிப்பு ஆகியவற்றை எந்த மொழிபெயர்ப்பாளரும் பெயர்த்துவைக்கவில்லை. பொருளாதார மாணவருக்கு இவையே விலைமதிப்பற்றவை. மாவட்டத் தலைநகரின் கோதுமை விலை அரசிதழில் கிடைக்கும். ஊர்ச்சந்தையில் மண்டுவாக் கேழ்வரகு என்ன விலைக்கு விற்றது, கடைக்காரர் யாருக்குக் கடன் மறுத்தார் என்பதைச் சொல்ல உள்ளூர் இதழை விட்டால் வேறு வழி இல்லை.

புகைப்படங்களின் பயன் வேறுவகைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லக்னோவிலும் நைனிதாலிலும் புகைப்பட நிலையங்கள் வைத்திருந்த லாரி நிறுவனத்தார், சாஷே போன்றோர் குமாவோன் நகரங்களைப் படம் பிடித்தனர். அல்மோராவின் பழைய படங்களில், மலைமுதுகின் மேல் நீளும் கடைத்தெருவும், பலகைக்கல் வேய்ந்த கூரைகளும், மரச்செதுக்கு வேலைப்பாடுள்ள வாயில்களும் தெளிவாகக் காணக் கிடைக்கின்றன. இன்று அவற்றுள் பல சிமென்டுக் கட்டடங்களாகிவிட்டன. பழைய வீடொன்றைச் செப்பனிட விரும்பும் பொறியாளருக்குக் கூரையின் சாய்வையும் சாளரத்தின் அளவையும் காட்ட வல்லது புகைப்படமே. 1938இல் உதயசங்கர் இந்நகரின் அருகே தொடங்கிய கலை மையத்தில், பாலசரஸ்வதியின் ஆசிரியரான கந்தப்ப பிள்ளை பரதநாட்டியம் கற்பித்தார். சில ஆண்டுகளே இயங்கிய அம்மையத்தை நினைவூட்டுபவையும் பெரும்பாலும் படங்களே.

புகைப்படம் அழகுக்கு மட்டும் உரியதன்று. உயிர்காக்கும் சான்றாகவும் அது அமையக்கூடும். அல்மோராவிற்குத் தென்மேற்கே உள்ள நைனிதாலில் 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், தொடர்மழைக்குப் பின், ஷேர்-கா-டாண்டா மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. 151 பேர் மாண்டனர். ஒரு விடுதியும், பொதுமண்டபமும், நைனாதேவி கோயிலும் புதையுண்டன. ஏரியின் ஒரு முனை மண்ணால் நிரம்பி, இன்று மக்கள் விளையாடும் மைதானம் விரிவடைந்தது. இந்நிகழ்ச்சிக்கு முன்பும் பின்பும் எடுக்கப்பட்ட படங்கள் உள்ளன. சரிவின் எந்தப் பகுதி பெயர்ந்தது, அதற்குமுன் அங்கு எத்தனை கட்டடங்கள் இருந்தன என்பதை அவற்றைக் கொண்டு அறியலாம். விபத்திற்குப் பின் மழைநீர் வழிந்தோட மலைச்சரிவெங்கும் வடிகால்கள் அமைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவ்வடிகால்களின் மீதும் ஓரத்திலும் கட்டடங்கள் எழுந்தன. எது வடிகால், எது வெற்றிடம் என்னும் வழக்கு எழும்போது பழைய படமும் பழைய வரைபடமும் பேசும். இதே மாநிலத்தில் ஜோஷிமடம் 2023 ஜனவரியில் நிலம் அமிழ்ந்து வீடுகள் வெடித்தபோது, 1976ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு அளித்திருந்த எச்சரிக்கை அறிக்கையை அனைவரும் தேடினர். திட்டமிடுவோர் பழைய தாள்களைத் துன்பம் வந்தபின் தேடுவதே வழக்கமாகிவிட்டது.

இத்தகைய பொருள்கள் ஏன் விரைந்து அழிகின்றன? குமாவோனிலும் நேபாளத்திலும் முற்காலத்தில் டாப்னி என்னும் புதர்ச்செடியின் பட்டையிலிருந்து கையால் தாள் செய்தனர். அதில் எழுதப்பட்ட ஆவணங்கள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மடிக்கத் தாங்குகின்றன. செய்தித்தாளோ அரைத்த மரக்கூழால் ஆனது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீக்கப்படுவதில்லை. ஒளியும் காற்றும் பட்டதும் அது மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்குகிறது. தாளுக்கு மெருகூட்டச் சேர்த்த படிகாரமும் அமிலத் தன்மையைக் கூட்டுகிறது. தன்னைத் தானே தின்னும் பொருளாகச் செய்தித்தாள் பிறக்கிறது எனலாம். மலைநகரின் மழைக்கால ஈரமும், கரையானும், வெள்ளிப்பூச்சியும் எஞ்சியதை முடித்துவைக்கின்றன.

புகைப்படத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. முட்டை வெண்கருப் பூச்சுள்ள பழைய படங்கள் ஒளியில் வெளிறுகின்றன. அதன்பின் வந்த கண்ணாடித் தகடுகள் உறுதியானவை எனினும் உடையும் தன்மையன. நிலையம் மூடப்படும்போது கண்ணாடிக்காகச் சுரண்டி விற்கப்பட்ட தகடுகளுக்குக் கணக்கில்லை. 1970களிலும் 1980களிலும் எடுத்த வண்ணப்படங்கள், அவற்றினும் முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முன்பாகவே நிறம் இழந்து வருகின்றன. பசை தடவிய பக்கங்களும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் படங்களை ஒட்டிவைத்த குடும்பங்கள், பாதுகாப்பதாக எண்ணிக் கேடு செய்துவிட்டன.

இவற்றோடு மலைமாவட்டங்களுக்கே உரிய வேறொரு கேடும் சேர்ந்துகொண்டது. 2001இல் 6,30,567 ஆக இருந்த அல்மோரா மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011இல் 6,22,506 ஆகக் குறைந்தது. வேலை தேடிச் சமவெளிக்குச் செல்லும் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிச் செல்கின்றன. பாட்டனாரின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பவர் இல்லை. கூரை ஒழுகி, வீடு விற்கப்படும் நாளில் பெட்டியும் குப்பையோடு போய்விடுகிறது.

சட்டம் ஏதும் செய்யவில்லையா என்று கேட்கலாம். 1954ஆம் ஆண்டின் நூல்கள் ஒப்படைப்புச் சட்டம் 1956இல் திருத்தப்பட்டு, செய்தித்தாள்களும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டன. கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கும் ஒவ்வோர் இதழையும் அனுப்புதல் வெளியிடுவோரின் கடமை. அனுப்பத் தவறினால் அபராதம் ஐம்பது ரூபாய் வரை! ஒருவரும் இதற்கு அஞ்சி இதழ் அனுப்பியிருக்கமாட்டார் என்பது வெளிப்படை. மேலும், அச்சட்டத்திற்கு முற்பட்ட இதழ்களுக்கு அது பொருந்தாது. 2003இல் தொடங்கிய தேசியச் சுவடி இயக்கம் கையெழுத்துச் சுவடிகளுக்கானது. அச்சிட்ட தாள் அதன் வரையறைக்குள் வரவில்லை. ஆக, நூறாண்டு வயதான ஒரு மாவட்ட வார இதழ், சுவடியாகவும் கருதப்படாமல், நூலாகவும் கருதப்படாமல், அரசு ஆவணமாகவும் கருதப்படாமல் நடுத்தெருவில் நிற்கிறது. இக்குறையைத் தனியார் முயற்சிகளே ஓரளவு நிறைத்துள்ளன. போபாலில் 1984இல் தோன்றிய மாதவராவ் சப்ரே செய்தித்தாள் அருங்காட்சியகமும், காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர் திரட்டி, இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்கும் தொகுதியும் இதற்குச் சான்று.

ஒரு சிறுநகரில் இப்பணியைத் தொடங்கப் பெருந்தொகை தேவையில்லை. முதல் வேலை பட்டியலிடுவது. எந்த வீட்டில், எந்த அச்சகத்தில், எந்த வழக்கறிஞர் அலுவலகத்தில் எந்த ஆண்டு இதழ்கள் உள்ளன என்னும் பட்டியல் இருந்தாலே, ஒரே இதழின் சிதறிய ஆண்டுத் தொகுதிகளை இணைத்துவிடலாம். பொருளை உரிமையாளரிடமிருந்து வாங்க முற்படுவது பெரும்பாலும் ஐயத்தையே விளைவிக்கும். படியெடுத்துத் திருப்பித் தருவதாகச் சொன்னால் கதவுகள் திறக்கும். பழைய தாளைத் தட்டையாக, அமிலமற்ற தாள்களுக்கிடையே வைத்தல் வேண்டும். கிழிந்த இடத்தில் ஒட்டுநாடா ஒட்டுவதும், பிளாஸ்டிக் படலத்தால் பொதிவதும் மீட்க முடியாத கேடு. கண்ணாடித் தகடுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், உறையிட்டு நிறுத்திவைக்க வேண்டும். படத்தின் பின்புறம் எழுத மென்மையான பென்சிலே ஏற்றது. பந்துமுனைப் பேனாவின் மை மறுபுறம் ஊடுருவும்.

படியெடுப்பதற்கு மைக்ரோபிலிமும் கணினி வருடியும் இன்று உள்ள இரு வழிகள். முறையாகக் கழுவிக் குளிர்ந்த இடத்தில் வைத்த மைக்ரோபிலிம் பல நூறு ஆண்டுகள் நிலைக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. வெளிச்சமும் உருப்பெருக்கியும் இருந்தால் போதும், எக்காலத்தும் படிக்கலாம். வருடிய கோப்பு தேடுவதற்கும் பகிர்வதற்கும் எளிது. ஆனால் சில ஆண்டுகளுக்கொருமுறை புதிய கருவிக்கு மாற்றாவிட்டால் ஓசையின்றி மறைந்துபோகும். செய்தித்தாளை அங்குலத்திற்கு 400 புள்ளிகள் அளவிலும், புகைப்படத்தை 600 புள்ளிகள் அளவிலும் வருடி, மூன்று பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல் நலம். படி எடுத்தாயிற்று என்று மூலத்தைக் கழித்துவிடுவது அலுவலகங்களில் அடிக்கடி நேரும் அவசரம். வருடியவர் விட்டுவிட்ட பக்கம் எது என்பது மூலம் இருந்தால்தான் தெரியும்.

கருவிகளைவிட அருமையானது அடையாளம் காணுதல். பெயரற்ற குழுப்படம் ஒன்று வரலாற்றுக்கு அவ்வளவாக உதவாது. அதை எழுபது, எண்பது வயதானவர்களிடம் காட்டி, நிற்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம், படத்தில் இல்லாதவர் எவர் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் சரிபார்த்து, சொன்னவரின் பெயரையும் நாளையும் குறிக்க வேண்டும். அல்மோராவில் 2020இல் தனிப் பல்கலைக்கழகம் ஏற்பட்டுவிட்டது; நகரில் அரசு அருங்காட்சியகமும் உண்டு. வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் பத்துப் படங்களுக்கு இவ்வாறு குறிப்பு எழுதினால், அது எந்தத் தேர்வுக் கட்டுரைக்கும் குறைந்ததன்று.

உரிமை பற்றிய ஐயமும் பலரைத் தயங்கச் செய்கிறது. 'அல்மோரா அக்பார்' போன்ற இதழ்களை வெளியிட எத்தடையும் இல்லை; அவற்றின் காலம் கடந்துவிட்டது. புகைப்படத்தைப் பொறுத்தவரை, 2012ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், எடுத்தவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் செய்த படமாயின், வேறு உடன்பாடு இல்லாதவரை, முதல் உரிமை எடுக்கச் செய்தவரையே சாரும் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூறுகிறது. ஆகவே குடும்பப் படங்களுக்கு அக்குடும்பத்தாரிடம் எழுத்துமூலம் இசைவு பெற்று, அந்த இசைவுத் தாளையும் படத்தோடு சேர்த்தே வைத்தல் வேண்டும்.